657 சிசிக்கு எந்தப் பிரிவு?

என் முதற் கார்ப் போட்டியன்று காலை ஆறே முக்கால் மணிக்கு, பரிசோதனை மேசையில் அமர்ந்திருந்தவர் என் கைபேசியை வாங்கி அதிலேயே கணக்குப் போட்டார். என் எஞ்சினின் கொள்ளளவான 657 சிசியை 1.7ஆல் பெருக்கினார். திரையில் 1116.9 என்று வந்தது. அதை என் பக்கம் திருப்பிக் காட்டி, "ஆயிரம் சிசிப் பிரிவுக்குள் ஓட முடியாது, ஐயா" என்றார். நான் தொழிலால் கணக்காளன். புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியின் பேரேடுகளை இருபத்திரண்டு வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒரே ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்க்காமல் நுழைவுக் கட்டணம் செலுத்திய வெட்கம் இன்னும் போகவில்லை.

கார், சுசுகி கப்புச்சீனோ. 1992இல் செய்தது. நீளம் 3,295 மில்லிமீற்றர், அகலம் 1,395, எடை சுமார் 700 கிலோ. முன்னால் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், இழுவை பின் சக்கரங்களில், கூரை மூன்று துண்டாகக் கழன்று வரும். வெள்ளவத்தையில் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றால், மேலே ஜன்னலோரம் இருப்பவர் என் மடியிலிருக்கும் சோற்றுப் பொதியில் என்ன கறி என்றுகூடச் சொல்லிவிடலாம். ஹொண்டா பீட், முதல் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2, பழைய டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் என் சங்கடம்தான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இருப்பதை வைத்துத்தான் ஓட வேண்டும், ஆனால் அதைப்போல் இன்னொன்று வரிசையில் இல்லை. எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது?

நான் தலைகீழாகப் போனேன். முதலில் காரில் கை வைத்தேன், பிறகு விதியை வாசித்தேன். டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போட்டேன், அகன்ற சக்கரம் தேடிப் போட்டேன், சைலன்சரை மாற்றினேன். விதிப்புத்தகத்தைத் திறந்தபோது இந்த மூன்றில் இரண்டு, நான் நினைத்திருந்த பிரிவில் ஆகாதவை. ஆகவே என் முதல் அறிவுரை: விதியை வாசித்து முடிக்கும்வரை ஸ்பானரைத் தொடாதீர்கள். வாசிக்க வேண்டியவை மூன்று தாள்கள். ஒன்று பொதுவிதி. இன்னொன்று குறித்த பிரிவின் தொழில்நுட்ப விதி. மூன்றாவது, அந்தப் போட்டிக்கென்று தனியாக வெளியிடப்படும் மேலதிக விதிமுறை. மூன்றாவதைப் பலர் வாசிப்பதில்லை. பிரிவுகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அதில்தான் எழுதியிருக்கும்.

இனி அந்த 1.7. டர்போ எஞ்சின் தன் கொள்ளளவுக்கு மிஞ்சிய காற்றை விழுங்குவதால், அதன் சிசியை ஓர் எண்ணால் பெருக்கித்தான் பிரிவில் சேர்ப்பார்கள். சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏயின் விதிகளில் பெற்றோல் எஞ்சினுக்கு அது நெடுங்காலமாக 1.7, டீசலுக்கு 1.5. கழகப் போட்டிகளில் இதையே வைப்பவர்களும் உண்டு, வேறு எண் வைப்பவர்களும் உண்டு. கணக்கைத் திருப்பிப் போட்டால் விஷயம் இன்னும் துலங்கும். பிரிவின் மேல் எல்லையை 1.7ஆல் வகுங்கள். 1,000 என்றால் 588 சிசி டர்போ வரை. 1,500 என்றால் 882. 3,500 என்றால் 2,058. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்த பிறகுதான், இங்கே 3,500 சிசி வரை என்ற பிரிவில் மிட்சுபிஷி எவோக்களும் சுபாருக்களும் ஏன் நிற்கின்றன என்பது எனக்குப் புரிந்தது. எவோவின் டர்போ எஞ்சின் 1,997 சிசி, பெருக்கினால் 3,395. எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. காருக்குப் பிரிவு பொருந்துவது என்றால் இதுதான்.

என் காரோ 588க்கு மேலே, 882க்கு வெகு கீழே. அன்றைய பட்டியலில் 1,300 என்றும் ஒரு பிரிவு இருந்தது, 1,117 அதற்குள் அழகாக அடங்கும். ஆனால் அது ஃபோர்ட் லேசர், மாஸ்டா கார்களுக்கு மட்டும் உரியது. ஒரே ரகக் கார்கள் ஓடும் மூடிய பிரிவு. நம் நாட்டுக் காரோட்டத்தில் மிகச் சுவையான மோதல்கள் அங்கேதான் நடக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரிய கார் வைத்திருப்பவன் அந்த வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். அடுத்து இருந்தது 1,500. அங்கே போனேன். 383 சிசியைத் தானமாகக் கொடுத்துவிட்டு ஹொண்டாக்களுடன் ஓடினேன்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் இருக்கிறார், என் எஞ்சினுக்கு வேண்டியதெல்லாம் அவரிடம்தான். "டர்போவைக் கழற்றிவிட்டால் 657தானே, ஆயிரத்துக்குள் போகலாமா நானா?" என்று கேட்டேன். அவர் ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே, "போகலாம் தம்பி. ஆனால் எஞ்சின் போகாது" என்றார். உண்மைதான். டர்போவுக்கென்று தாழ்ந்த அமுக்க விகிதத்தில் செய்த எஞ்சின் அது. டர்போ இல்லாமல் அது வெறும் பாரம். விகிதத்தை உயர்த்த பிஸ்டன், ஹெட் என்று இறங்கினால் பிறகு அது கப்புச்சீனோவாகவும் இராது. இதையும் கேளுங்கள்: நீங்கள் விரும்பும் பிரிவு, காரின் அசல் எஞ்சின் அமைப்பைக் கேட்கிறதா? கேட்டால், டர்போவைக் கழற்றிய கார் அங்கேயும் ஆகாது.

டர்போ இல்லாதவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.6 எஞ்சினை எடுங்கள். சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 83.6. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1,597 சிசி என்று புத்தகத்தில் இருக்கும். முப்பது வருடப் பழைய எஞ்சின், ஓவர்ஹோல் செய்யும்போது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அரை மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருப்பார்கள். 78.5 என்று போட்டுக் கணக்கிடுங்கள்: 1,618. எல்லை 1,600 என்று இருந்தால் நீங்கள் வெளியே. அதுவும் பதிவுப் புத்தகத்தில் 1,597 என்று நம்பிக்கொண்டே வெளியே. வாங்கும்போது எஞ்சின் எந்த அளவுக்குக் கடையப்பட்டது என்று கேட்டு, பற்றுச்சீட்டு இருந்தால் வாங்கி வையுங்கள். விதிப்புத்தகத்தில் ஓவர்சைஸுக்கு விலக்கு உண்டா என்றும் பாருங்கள்.

சிசியைக் கொண்டு பிரிக்காமல், எடையைக் குதிரைவலுவால் வகுத்துப் பிரிக்கும் கழகங்களும் வெளிநாடுகளில் உண்டு. என் கார் 700, நான் 78, மொத்தம் 778 கிலோ. ஜப்பானியச் சிறுகார்களின் வழக்கமான உச்சம் 64 குதிரைவலு, என் காருக்கும் அதுதான். ஒரு குதிரைக்குப் பன்னிரண்டு கிலோவும் கொஞ்சமும். காரின் குலம் கோத்திரம் கேட்காத முறை இது, அரிய கார்களுக்கு இதைவிட நியாயமானது எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பிரிவு இல்லாத இடத்திலும் இந்தக் கணக்கைப் போட்டு வையுங்கள். எதிரே நிற்கும் கார்களுக்கும் போடுங்கள். நான் ஹொண்டாக்களுக்குப் போட்டிருந்தால் அன்றைய நாள் எப்படி முடியும் என்று முதல் இரவே தெரிந்திருக்கும்.

எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். முதல் வளைவுக்குள் நான் கடைசி. இரண்டாம் சுற்றில் வரிசை என் கண்ணைவிட்டுப் போய்விட்டது. பிறகு தனியாக ஓடினேன், காலை நேரத்தில் காலிமுகத்திடலில் நடப்பவரைப்போல. கடைசிச் சுற்றுகளில் கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது, வழிவிடச் சொல்லும் நீலக்கொடி அசைந்தது, முதலாவதாக ஓடியவர் என்னைத் தாண்டிப் போனார். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சுற்றை அவர் 80 விநாடியிலும் நீங்கள் 88 விநாடியிலும் முடித்தால், அவர் தன் பதினோராவது சுற்றை முடிக்கும் இடத்தில் உங்களைப் பிடித்துவிடுவார். பத்துச் சுற்றுப் போட்டி என்றால் மானம் தப்பும். பன்னிரண்டு என்றால் தப்பாது. மானத்தை விடுங்கள், 700 கிலோக் காரை ஒரு டன் எடையுள்ள கார் வேகத்தில் நெருங்கி வரும்போது, அந்தச் சிறிய கண்ணாடியில் பார்ப்பது பயமாக இருக்கிறது.

ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு போட்டிக்குப் பார்வையாளராகப் போங்கள். நான் முதலில் ஓடிய கட்டுகுருந்தவில் ஓட்டம் இருந்தால் வசதி. களுத்துறையைத் தாண்டியவுடன் இருக்கிறது, கரையோர ரயிலிலேயே போய்விடலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் இறங்கிய ஓடுபாதை அது. சமதரை, கடற்காற்று, நிழல் கிடையாது, தொப்பி கட்டாயம். ஒரு நிறுத்தற் கடிகாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலாவதாக வருபவரின் நேரத்தைக் குறிப்பார்கள். நீங்கள் நடுவில் ஓடுபவரின் நேரத்தைக் குறியுங்கள். பயிற்சி நாளில் உங்கள் காரின் நேரம் அந்த நடுவரிசை நேரத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்குள் வருமானால், அந்தப் பிரிவில் உங்களுக்கு ஓட்டம் இருக்கிறது. பத்தைத் தாண்டினால் இல்லை. இது எந்தப் புத்தகத்திலும் உள்ளதல்ல, என் சொந்த அளவுகோல்.

அதே நாளில் வேறொன்றையும் பாருங்கள்: அந்தப் பிரிவின் கார்களின் பக்கத் தகடுகள். எத்தனை நசுங்கியிருக்கின்றன, எத்தனை கதவு வேறு நிறத்தில் இருக்கிறது? லேசருக்குக் கதவு கிடைக்கும். கப்புச்சீனோவின் பொனட் அலுமினியம், அதில் விழுந்த சொட்டையைத் தட்டியெடுக்கத் தெரிந்த பாஸ் ஒருவரைத் தேடி நான் தெமட்டகொடை முழுவதும் அலைந்திருக்கிறேன். கடைசியில் கிடைத்தவர் பழைய பித்தளைக் குத்துவிளக்குகளின் சொட்டை எடுப்பவர். நன்றாகவே செய்தார். ஆனாலும், உரசி ஓடும் பிரிவில் உரசலுக்கு உதிரி இல்லாத காரைக் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. தூசியும் பள்ளமுமாக இருக்கும் சுப்பர்குரோஸ் மண்பாதை ஓட்டத்தின் பக்கம் இந்தத் தாழ்ந்த கார் போகவே வேண்டாம். அதைப்பற்றி அவ்வளவுதான்.

எனக்குச் சரிவந்த இடம் மலை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றம் 1934இல் தொடங்கியது. ரதல்லவிலும் மலையேற்றம் நடக்கிறது. ஒவ்வொரு காராகத் தனித்தனியே ஏறும், பகை கடிகாரத்தோடு மட்டும். பிரிவில் கடைசியாக வந்தாலும் உங்களை யாரும் முட்டப்போவதில்லை, நீலக்கொடி காட்டப்போவதில்லை. அரிய கார்க்காரன் தன் காரைப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மலைக்கு இன்னொரு குணமும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். குளிரைக் கணக்கில் எடுத்தாலும், அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறக்குறைய அதே பங்கை இழக்கும். கொழும்பில் 120 குதிரை என்றால் அங்கே 100. டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். பேரேட்டு மொழியில் சொன்னால், கடற்கரையில் என் கணக்கில் பற்றெழுதிய 1.7இல் ஒரு பகுதியை மலை வரவு வைக்கிறது. கட்டுகுருந்தவில் ஹொண்டாக்களின் புகையைக்கூடப் பார்க்காத நான், மேலே அதே 1,500 பிரிவில் நடுவரிசைக்கு வந்தேன். கார் அதே கார். ஆகவே பிரிவை மட்டும் தேடாதீர்கள், எந்தப் போட்டியில் அந்தப் பிரிவு என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். டர்போக்காரர்கள் புறப்படும்போது தாங்கியில் 95 ஒக்டேன் பெற்றோல் நிரப்பிக்கொண்டு போங்கள். 92ஐ நம்பி எஞ்சின் தட்டத் தொடங்கினால் மலைப்பாதையில் காது அதற்கே போய்விடும்.

திறந்த கார் வைத்திருப்பவர்களுக்குப் பிரிவு என்பது பாதி எஞ்சினில், பாதி தலைக்கு மேலே. துணிக்கூரையும் கழலும் கூரையும் உள்ள கார்களைச் சில பிரிவுகள் ஏற்பதில்லை, ஏற்பவை, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு கேட்கும். எஃப்ஐஏ விதியில் பிரதான வளைவுக்குக் குறைந்தது 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 தடிப்பும், அல்லது 50 விட்டமும் 2.0 தடிப்பும் உள்ள, பொருத்துத் தையல் இல்லாத எஃகுக் குழாய் வேண்டும். வேலிக்குப் போடும் நீர்க்குழாயை வளைத்து நிறம் பூசிக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசோதகர்கள் அதில் ஒரு சிறு துளை கேட்பார்கள், தடிப்பு அதில் தெரிந்துவிடும்.

வளைவு போட்டால் மட்டும் போதாது, தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். நானா இதைச் சோதித்த விதம் மறக்காது. என்னைத் தலைக்கவசத்தோடு ஆசனத்தில் இருத்தி, பட்டியை இறுக்கச் சொல்லிவிட்டு, கடையைக் கூட்டும் தும்புத்தடியை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பின் வளைவின் உச்சியிலும் மறுமுனையைக் கண்ணாடிச் சட்டத்தின் மேலும் வைத்தார். தடி தலைக்கவசத்தில் இடித்து மேலே தூக்கி நின்றது. மூன்று விரல் உயரம். "தம்பி, கார் கவிழ்ந்தால் முதலில் நிலத்தைத் தொடுவது நீங்கள்தான்" என்றார். ஆசனத்தின் தண்டவாளத்தைக் கழற்றி நேரே தரையில் பூட்டி, மெத்தையை நீக்கி, முதுகைக் கொஞ்சம் சாய்த்த பிறகுதான் தடி சமமாக நின்றது. அதுவும் ஒரு விரல் இடைவெளியில். இந்தச் சோதனையைக் கார் வாங்குவதற்கு முன்பே செய்யலாம், தும்புத்தடி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஐந்தடி பதினொரு அங்குலத்துக்கு மேற்பட்டவர்கள் கப்புச்சீனோவில் ஓட ஆசைப்படுவது, என் கருத்தில், வீண்.

குறைந்தபட்ச எடை என்று ஒரு வரி விதியில் இருக்கும். அது ஓட்டுநரோடா, ஓட்டுநர் இல்லாமலா என்பதை இரண்டு முறை வாசியுங்கள். பழைய இரும்பு வாங்கும் இடங்களில் பாரவூர்தி நிறுக்கும் தராசு இருக்கும், கேட்டால் ஏற்றுவார்கள். அது பத்து, இருபது கிலோப் படிகளில் காட்டுவதால் எல்லையில் நிற்பவர்களுக்கு உதவாது. ஆனாலும் வளைவு, ஆசனம், தீயணைப்புக் கருவி எல்லாம் சேர்ந்து கார் எவ்வளவு கனத்துவிட்டது என்று ஒரு தெளிவு வரும். என் கார் 731 காட்டும் என்று நினைத்தேன், 760 காட்டியது. கடைக்காரர் சிரித்தார்.

டயர் அளவையும் பிரிவு விதியோடு ஒப்பிடுங்கள். எல்லாரும் குறித்த ஒரு டயரையே போட வேண்டும் என்ற பிரிவாக இருந்தால், அது உங்கள் சக்கர அளவில் கிடைக்குமா? எனக்கு வேண்டியது 165/65 ஆர்14, பதினான்கு அங்குலச் சக்கரத்துக்கானது. கிடைத்தது, அதிர்ஷ்டம். பதின்மூன்று அங்குலச் சக்கரத்தோடு வந்த ஒருவர் கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

காப்புறுதி பற்றி நீட்டப்போவதில்லை. சாதாரண மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் போட்டியும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை, உங்களுடையதை எடுத்து வாசியுங்கள். வீட்டுக்காரி வாசித்தாள். அதோடு, "பார்க்க வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள்?" என்றும் கேட்டாள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவைக் கார்ப் போட்டியில் நடந்ததை நாடு மறக்கவில்லை. பாதையைவிட்டு விலகிய காரால் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தப் போட்டிக்குப் போனாலும், பரிசோதனை முடிந்ததும் பாதை வளைவுகளின் வெளிப்பக்கத்தை நடந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை வரச்சொல்கிறேன். வளைவின் வெளிப்புறம் ஆட்கள் நின்றால் வரச்சொல்வதில்லை.

ஒரு விஷயம் விட்டுப்போனது. அரிய கார் என்பதால் சில வேளை உங்களுக்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கித் தருவார்கள், மரியாதையாகத்தான். ஒரு தடவை எனக்கும் தந்தார்கள். ஓடியது ஒரே கார், முதலிடம் எனக்கு. அந்தக் கிண்ணம் வீட்டில் இருக்கிறது, அம்மா அதில் நுளம்புச்சுருள் கொளுத்தி வைக்கிறார். தனிப் பிரிவு தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அல்லது, குறைந்தது எத்தனை கார் சேர்ந்தால் பிரிவு நடக்கும், சேராவிட்டால் எந்தப் பிரிவோடு சேர்ப்பீர்கள் என்று போட்டிச் செயலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சேர்க்கப்படும் பிரிவுதான் உண்மையில் நீங்கள் ஓடப்போகும் பிரிவு.

அடுத்த மலையேற்றத்துக்கு விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. கொள்ளளவு என்ற கட்டத்தில் 657 என்றும் பக்கத்தில் 1,117 என்றும் எழுதியிருக்கிறேன். பிரிவு என்ற கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. செயலாளரின் பதில் வரட்டும்.